நாரும் பிசினும்: கூட்டுப்பொருள் பொறியியலில் முதுநிலைப் படிப்பு



கேமரன் மலையின் வடபகுதியில் உள்ள கம்போங் ராஜாவை அறிந்தவர்களுக்கு நாம் சொல்லும் காட்சி புதிதன்று. காலைப் பனிமூட்டம் விலகும்போது ஒருபுறம் புளூ வேலித் தோட்டத்தின் தேயிலை மேடுகள் தெரியும். மறுபுறம் மலைச்சரிவு முழுவதும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் தெரியும். அந்த ஊரில் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தந்தை தேயிலை ஆலையில் வேலை செய்கிறார். தாய் காய்கறிகளைத் தரம் பிரித்துக் கட்டும் கொட்டகைக்குப் போகிறார். மூத்த மகள் இயந்திரப் பொறியியலில் முதல் பட்டம் பெற்று வீடு திரும்பியிருக்கிறாள். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. பத்தாம் வகுப்பைத் தாண்டாத அந்த வீட்டுக்கு இதுவே பெரிய செய்தி.

அன்று இரவு சாப்பாட்டு வேளையில் மகள் மெல்லச் சொல்கிறாள்: "அப்பா, வேலைக்குப் போறதுக்கு முன்னால இன்னும் ரெண்டு வருசம் மாஸ்டர்ஸ் படிக்கலாம்னு இருக்கேன். கம்போசிட் மெட்டீரியல்ஸ்."

தந்தை பதில் சொல்லவில்லை. தாய்தான் கேட்கிறார்: "அது என்னம்மா படிப்பு? இவ்வளவு நாள் படிச்சது போதாதா?"

இது நாம் கற்பனை செய்துகொண்ட குடும்பந்தான். ஆனால் இந்தக் கேள்வி கற்பனையன்று. ஒரு தலைமுறைக்கு முன் நம் தோட்டங்களில், "படிவம் ஐந்துக்குப் பிறகு என்ன?" என்று கேட்டார்கள். பின்னர், "பல்கலைக்கழகம் போக முடியுமா?" என்று கேட்டார்கள். இன்று பட்டம் பெற்ற பிள்ளைகளின் வீட்டில், "மேற்கொண்டு எதற்கு?" என்ற கேள்வி எழுகிறது. அதைக் கேட்பதில் தவறில்லை. பதில் தெரியாமல் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவதிலும், பதில் தெரியாமல் 'சரி' என்று சொல்லிவிடுவதிலும்தான் தவறு இருக்கிறது. ஆகவே இன்று அந்தத் தாய் கேட்ட கேள்வியையே நாம் எடுத்துக்கொள்வோம். கூட்டுப்பொருள் என்றால் என்ன? அதில் முதுநிலைப் பட்டம் படிக்கிறவர் இரண்டு ஆண்டும் என்ன செய்கிறார்? குடும்பம் எதையெல்லாம் கேட்டறிந்து முடிவு செய்ய வேண்டும்? இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

முதலில் கூட்டுப்பொருள். பெயர் புதிது, பொருள் மிகப் பழையது. நம் முன்னோர் தமிழகத்துக் கிராமங்களில் மண்சுவர் வைத்தபோது களிமண்ணோடு வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்தார்கள். வெறும் களிமண் காய்ந்தால் வெடிக்கும். வெறும் வைக்கோல் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் சுவர் நிற்கும். வைக்கோல் வெடிப்பைப் பிடித்து நிறுத்துகிறது; களிமண் வைக்கோலை இடம் மாறாமல் வைத்துக்கொள்கிறது. இப்படித் தன் குணம் மாறாத இரண்டு பொருள்களைச் சேர்த்து, தனித்தனியே எதற்கும் இல்லாத ஒரு பயனைப் பெறுவதுதான் கூட்டுப்பொருள்.

இந்தக் கண்ணோடு சுற்றிலும் பார்த்தால் கூட்டுப்பொருள் இல்லாத இடமே இல்லை. கம்பி போட்ட சிமெண்டுத் தளம் ஒரு கூட்டுப்பொருள். லாரியின் டயர் ஒரு கூட்டுப்பொருள். வெறும் ரப்பரைக்கொண்டு டயர் செய்ய முடியாது, உள்ளே நூல் கயிறோ எஃகுக் கம்பியோ இருந்தால்தான் அது பாரம் தாங்கும். பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மார் சேகரித்த பால் இப்படித்தான் உலகச் சாலைகளில் ஓடியது. இயற்கையே செய்துவைத்த கூட்டுப்பொருள் மூங்கில். நீளவாட்டில் ஓடும் வலிய நார்களை மென்மையான திசு பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மூங்கிலைக் குறுக்கே ஒடிப்பது கடினம், நெடுக்கே பிளப்பது எளிது. கூடை முடைந்தவர்கள் இதைப் பாடப் புத்தகம் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

இக்காலத்தில் கூட்டுப்பொருள் என்றால் பெரும்பாலும் நாரும் பிசினும் சேர்ந்த பொருளைக் குறிப்பார்கள். கண்ணாடியை உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய இழையாக இழுத்து, அந்த இழைத்துணியின்மேல் பிசினை ஊற்றி இறுகவைத்தால் 'பைபர் கிளாஸ்' கிடைக்கிறது. நம் வீட்டுக் கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகளில் சில அந்தப் பொருள்தான். மீன்பிடிப் படகுகளும் அதில் செய்யப்படுகின்றன. கண்ணாடி இழைக்குப் பதில் கரி இழையைப் போட்டால் அதைவிட விறைப்பான, எடை குறைந்த பொருள் கிடைக்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை ஏறக்குறைய 7.8 கிராம். அலுமினியம் 2.7 கிராம். கரி இழையும் பிசினும் சேர்ந்த பொருள் ஏறக்குறைய 1.6 கிராம். ஆகாயத்தில் பறக்கும் பொருளுக்கு எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு எரிபொருள் மிச்சம். 2011ஆம் ஆண்டு பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கூட்டுப்பொருள்தான்.

விமானம் நமக்குத் தூரமாகத் தோன்றலாம். அருகில் உள்ள ஓர் எடுத்துக்காட்டையும் சொல்வோம். இராமேசுவரத்தில் 1931இல் படகுக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த அப்துல் கலாம் அவர்களை நாம் எல்லாரும் அறிவோம். அவர் ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் எடை குறைந்த கூட்டுப்பொருள்களை உருவாக்கும் பணியில் பல ஆண்டுகள் ஈடுபட்டவர். ஹைதராபாதில் நிசாம் மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அங்கிருந்த பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, அதன் எடைக்குறைவைக் கண்டு வியந்து, தம் மருத்துவமனைக்குக் கலாமை அழைத்துச் சென்றார். அங்கே இளம்பிள்ளைவாதத்தால் கால் பாதிக்கப்பட்ட சிறுவர் சிறுமியர் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கிகளை மாட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். மூன்றே வாரத்தில் 300 கிராம் எடையுள்ள தாங்கி செய்து கொடுக்கப்பட்டது. பிள்ளைகள் ஓடினார்கள்; பெற்றோர் கண் கலங்கினார்கள். தம் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளில் ஒன்றாகக் கலாம் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மூன்று கிலோ 300 கிராம் ஆனது எப்படி என்பதுதான், அந்தத் தாய் "அது என்னம்மா படிப்பு?" என்று கேட்டதற்குச் சுருக்கமான பதில்.

சரி, இந்தப் படிப்புக்கு நம் நாட்டில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சி.டி.ஆர்.எம். என்னும் மலேசியக் கூட்டுப்பொருள் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் மலாக்காவின் பத்து பெரண்டாமில் விமானப் பாகங்களைச் செய்கிறது. ஏர்பஸ் விமானங்களின் இறக்கைக்கு வேண்டிய கூட்டுப்பொருள் பாகங்கள் அங்கிருந்து போயிருக்கின்றன. கெடாவின் புக்கிட் காயு ஹித்தாமில் போயிங், ஹெக்செல் ஆகிய நிறுவனங்கள் பங்குகொண்டு தொடங்கிய தொழிற்சாலை ஒன்று உண்டு. ஆகவே இந்தத் தொழில் நம் மண்ணில் நடக்காத தொழில் அன்று.

விமானத்தைவிட நமக்கு இன்னும் நெருக்கமான வேலை ஒன்று பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. சிலாங்கூர், செர்டாங்கில் இருக்கும் புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971இல் விவசாயப் பல்கலைக்கழகமாகி, 1997இல் இப்போதைய பெயரைப் பெற்றது. விவசாயத்தில் பிறந்த அந்தப் பல்கலைக்கழகத்தில், கண்ணாடி இழைக்குப் பதிலாகச் செடிகொடிகளின் நாரைப் பயன்படுத்தும் ஆய்வு நெடுங்காலமாக நடந்து வருகிறது. அங்கே கூட்டுப்பொருள் பேராசிரியராக இருக்கும் எஸ். எம். சபுவான் அவர்களும் அவருடைய மாணவர்களும் எனாவ், காபோங் என்று மலாயில் சொல்லப்படும் சர்க்கரைப்பனையின் நாரை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த மரத்தின் அடியைச் சுற்றியிருக்கும் கறுப்பு நார் கடல்நீரிலும் எளிதில் கெடாது. கயிறும் துடைப்பமும் செய்த அந்த நாரைப் பிசினோடு சேர்த்தால் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அவர்கள் கேட்ட கேள்வி.

இதுபோலச் செம்பனைக் குலையில் பழம் உதிர்த்த பின் மிஞ்சும் வெறுங்குலையின் நார், தேங்காய் நார், வாழைநார், நம் புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த கெனாப் செடியின் நார் ஆகியவையும் ஆராயப்படுகின்றன. பினாங்கு மாநிலத்தின் நிபோங் தெபாலில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் பொருளறிவியலுக்கென்றே தனிப்பள்ளி இருக்கிறது.

தேயிலையும் இதில் விலக்கன்று. துருக்கி நாட்டிலும் தேயிலை விளைகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அங்கே தேயிலை ஆலையில் கழிவாக ஒதுங்கும் இலைநாரை எடுத்து, அது ஓசையை எவ்வளவு உறிஞ்சும் என்று இரண்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2009இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பின்பக்கம் துணி வைத்த ஒரு சென்டிமீட்டர் தடிமனான தேயிலை நார், ஆறு அடுக்கு நெய்த துணிக்கு ஏறக்குறைய ஈடாக ஓசையை உறிஞ்சியது. ஆலையில் வேலை செய்யும் நம் கற்பனைத் தந்தை நாள்தோறும் கூட்டித் தள்ளும் தூசும் நாரும் ஓர் ஆய்வுப் பொருள் என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. மகள் சொல்லக்கூடும்.

இனி இரண்டாவது கேள்வி. முதுநிலைப் பட்டம் படிக்கிறவர் என்ன செய்கிறார்? நம்மில் பலர் எண்ணுவதுபோல அது பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருடம் உட்கார்ந்திருப்பதன்று. நம் நாட்டுத் தகுதிக் கட்டமைப்பில் முதல் பட்டம் 6ஆம் நிலை, முதுநிலைப் பட்டம் 7ஆம் நிலை, முனைவர் பட்டம் 8ஆம் நிலை. மலாயில் 'சர்ஜானா' என்று சொல்லப்படும் அந்த 7ஆம் நிலையை அடைய மூன்று வழிகள் உண்டு. வகுப்பில் பாடம் கேட்டுத் தேர்வெழுதிப் பெறுவது ஒன்று. ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்து ஆய்வேடு எழுதிப் பெறுவது இன்னொன்று. இரண்டும் கலந்தது மூன்றாவது.

ஆய்வு வழியை எடுத்துக்கொள்வோம். மாணவிக்கு ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். முதல் சில மாதங்கள் படிப்பதிலேயே போகும். அந்த நாரை இதற்கு முன் யார் ஆராய்ந்தார்கள், என்ன கண்டார்கள், எதைக் காணாமல் விட்டார்கள் என்று தேட வேண்டும். பிறகு கை வேலை. நாரைக் கழுவிக் காயவைத்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போட்டு, நாரின் மேலிருக்கும் மெழுகையும் பிசுக்கையும் போக்க வேண்டும். இது ஏன்? செடியின் நார் தண்ணீரை விரும்பும். பிசின் தண்ணீரை விரும்பாது. இரண்டும் நன்றாக ஒட்டாவிட்டால் பாரம் பிசினிலிருந்து நாருக்குப் போகாது. ஒட்டிய இடத்தில்தான் பொருள் பிரியும். இந்த ஒட்டுதலைச் சரிசெய்வதே இயற்கை நார்க் கூட்டுப்பொருளில் பெரிய சிக்கல்.

பிறகு அச்சில் நாரைப் பரப்பிப் பிசினை ஊற்றி, காற்றுக்குமிழி இல்லாமல் உருட்டி, அழுத்தி, சூடேற்றி இறுகவைக்க வேண்டும். இறுகிய தகட்டை அளவாக வெட்டி, இழுத்துச் சோதிக்கும் பொறியில் மாட்டி, உடையும்வரை இழுக்க வேண்டும். ஒரு வகைக்கு ஒரு துண்டு போதாது. குறைந்தது ஐந்து துண்டாவது சோதிக்க வேண்டும் என்பது அனைத்துலகத் தர விதி. நாரின் அளவை மாற்றினால் மறுபடி ஐந்து. ஊறவைத்த நேரத்தை மாற்றினால் மறுபடி ஐந்து. உடைந்த முகத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, நார் அறுந்ததா, உருவிக்கொண்டு வந்ததா என்று கண்டுபிடிக்க வேண்டும். பல நாள் வேலை ஒரு குமிழியால் வீணாவதும் உண்டு. கையுறையும் முகமூடியும் இல்லாமல் அந்தக் கூடத்தில் நிற்கக் கூடாது. பிசினின் ஆவியும் கண்ணாடித் தூசும் உடம்புக்கு ஆகாது.

இந்த வேலையைக் கேட்கும்போது நமக்கு என்ன தோன்றுகிறது? பொறுமை, சுத்தம், அளவு, ஒரே வேலையை ஒரே மாதிரி நூறு முறை செய்யும் கை. இவை நம் தோட்டத்து வீடுகளில் இல்லாத குணங்கள் அல்ல. கொழுந்தின் ஈரத்தைக் கையால் அறிகிறவரின் மகள், நாரின் ஈரத்தைத் தராசால் அறியப் போகிறாள்.

இன்னும் விடை காணாத கேள்விகள் பல இருக்கின்றன. மழையும் ஈரமும் நிறைந்த நம் நாட்டில் செடியின் நார் போட்ட பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும்? வெயில் பட்டால் கம்போங் ராஜாவின் பிளாஸ்டிக் கூரைகள் பழுத்துக் கிழிவதை நாம் பார்க்கிறோம்; பிசினும் வெயிலுக்கு அஞ்சும் பொருள்தான். பயன் முடிந்தபின் அதை என்ன செய்வது? இரும்பை உருக்கி மறுபடி வார்க்கலாம். ஒரு முறை இறுகிய பிசின் மறுபடி உருகாது. காற்றாலைகளின் பழைய இறக்கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அமெரிக்காவில் மண்ணில் புதைத்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் பதில் தேடும் பிள்ளைகள் நாளைக்கும் தேவைப்படுவார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். குடும்பம் எப்படி முடிவு செய்வது? நான்கு செய்திகளைக் கேட்டறிந்தால் பாதி குழப்பம் தீரும்.

முதலாவது, மகளின் முதல் பட்டம் எப்படிப்பட்டது? 1967ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின்படி பொறியாளராகப் பதிவு செய்ய, மலேசியப் பொறியாளர் வாரியம் ஏற்றுக்கொண்ட முதல் பட்டம் வேண்டும். முதுநிலைப் பட்டம் அந்தக் குறையை நிரப்பாது. ஆகவே முதல் பட்டத்தில் சேரும்போதே அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். இப்போதுதான் விண்ணப்பம் நிரப்பும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, பணம் எங்கிருந்து வரும்? ஆய்வு வழியில் படிக்கிறவர்களைச் சில பேராசிரியர்கள் தங்கள் ஆய்வு மானியத்திலிருந்து உதவி ஆய்வாளராக எடுத்து மாதப்படி கொடுப்பது உண்டு. எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அதனால் சேர்ந்த பிறகு கேட்பதைவிடச் சேர்வதற்கு முன், விண்ணப்பிக்கும்போதே, மேற்பார்வையாளருக்கு எழுதிக் கேட்க வேண்டும். மானியம் இருக்கிறதா, எத்தனை மாதத்துக்கு இருக்கிறது, கட்டணத்துக்கு உதவி உண்டா என்ற மூன்றையும் கேட்பதில் வெட்கம் இல்லை. முதல் பட்டத்துக்கு எடுத்த பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்டும் காலத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்பதையும் அந்த அலுவலகத்திலேயே நேரில் கேட்க வேண்டும். கடைத்தெருவில் கேட்ட செய்தியை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

கலாம் சென்னை தொழில்நுட்பக் கழகத்தில் சேரப் பணம் இல்லாமல் நின்றபோது அவருடைய அக்காள் சொஹரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். நம் வீடுகளிலும் எத்தனையோ தாலிக்கொடிகள் பிள்ளைகளின் படிப்புக்காக அடகுக்கடைக்குப் போய் வந்திருக்கின்றன. அந்தத் தியாகத்தை நாம் வணங்குகிறோம். ஆனாலும் கேட்டால் கிடைக்கக்கூடிய மாதப்படியைக் கேட்காமல் விட்டுவிட்டு, நகையைக் கழற்றுவது தியாகம் ஆகாது. முதலில் கேளுங்கள், பிறகு கழற்றுங்கள்.

மூன்றாவது, வீடு இரண்டு ஆண்டு தாங்குமா? இதைப் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது. தம்பியின் படிப்பு, பாட்டியின் மருந்து, வீட்டுக் கடன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பட்டம் பெற்ற மகளையும் உட்கார வைத்துக் கணக்குப் போட வேண்டும். பெற்றோர் கஷ்டத்தைச் சொல்லாமல் 'போய்ப் படி' என்று அனுப்பிவிட்டு, பிள்ளை பாதியில் தெரிந்துகொண்டு திரும்பி வருவது இரண்டு பக்கமும் நட்டம். ஆய்வு முதுநிலைப் படிப்பு குறித்த காலத்தில் முடியாமல் நீளுவதும் உண்டு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்காவது, இப்போதே படிக்க வேண்டுமா? வேலைக்குப் போய் இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பகுதிநேரமாகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் கண்ட சிக்கலையே ஆய்வுக் கேள்வியாகக் கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். கூட்டுப்பொருள் தொழிற்சாலைகளில் எல்லா வேலைக்கும் முதுநிலைப் பட்டம் வேண்டியதில்லை. பாகங்களை அடுக்கிச் செய்யும் வேலைக்குத் தொழிற்பயிற்சிச் சான்றிதழும் டிப்ளோமாவும் பெற்றவர்கள்தான் பெரும்பாலும் போகிறார்கள். புதிய பொருளை வடிவமைப்பதற்கும், சோதனைக் கூடத்தை நடத்துவதற்கும், பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதற்கும் மேற்படிப்பு தேவைப்படும். மகள் எந்த வேலையை மனத்தில் வைத்திருக்கிறாள் என்று கேளுங்கள். 'தெரியாது' என்றால் அவசரம் வேண்டாம். 'இதுதான்' என்று காரணத்தோடு சொன்னால் அவளுடைய சொல்லுக்கு எடை கொடுங்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைய பெற்றோர், "நம் பிள்ளை இன்னும் சின்னது" என்று எண்ணலாம். இந்தப் பாதை முதல் பட்டத்துக்குப் பிறகு தொடங்குவதன்று. படிவம் நான்கில் தொடங்குகிறது. அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்று மாணவரைப் பிரித்த பழைய முறை 2020 முதல் மாறிவிட்டது. இப்போது பாடத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை கூடியபோது தவறும் உரிமையும் கூடிவிட்டது. பொறியியல் வேண்டுமென்றால் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் ஆகிய மூன்றையும் விட்டுவிடக் கூடாது. கடினம் என்று சொல்லிக் கூடுதல் கணிதத்தை விட்ட பிள்ளைக்குப் பின்னால் பல கதவுகள் மூடிக்கொள்ளும். எஸ்.பி.எம். முடித்த பின் ஆறாம் படிவம், மெட்ரிகுலேசன், பொலிடெக்னிக் டிப்ளோமா என்று பல வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் போனாலும் பட்டத்தை அடையலாம். ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் ஆங்கிலத்தில் வாசிக்கும் பழக்கமும் வேண்டும்.

கேமரன் மலையில் நிலைமை மாறி வருவதையும் நாம் பார்க்கிறோம். கொழுந்து பறிக்கும் வேலையில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் இருக்கிறார்கள். நம் குடும்பங்கள் காய்கறித் தோட்டம், கடை, லாரி, விடுதி என்று பல தொழிலுக்குப் போய்விட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறுவது என்பது முடிந்துபோன செய்தி. வெளியேறி எங்கே போய் நிற்கிறோம் என்பதுதான் இனி நம் கேள்வி. அதற்கு எல்லாரும் முதுநிலைப் பட்டம் படிக்க வேண்டியதில்லை. ஆனால் படிக்கக்கூடிய பிள்ளை, அந்தப் படிப்பின் பெயர் வீட்டில் யாருக்கும் புரியவில்லை என்ற ஒரே காரணத்தால் நின்றுவிடக் கூடாது. அது வறுமையால் நின்றதாகாது. நாம் கேட்காமல் விட்டதால் நின்றதாகும்.

கம்போங் ராஜாவின் அந்த வீட்டுக்குத் திரும்புவோம். இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. தந்தை இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் கேட்க வேண்டியது, "இதனால் என்ன வருமானம்?" என்ற ஒரு கேள்வி மட்டுமன்று. "எந்த நாரை ஆராயப் போகிறாய்? யார் வழிகாட்டுவார்? மாதப்படி உண்டா? எப்போது முடியும்?" என்று கேட்கட்டும். மகள் பதில் சொல்லட்டும். தெரியாத பதிலுக்கு, "விசாரித்துச் சொல்கிறேன் அப்பா" என்று சொல்லட்டும். கணக்குப் பார்த்தபின், "ஈப்போ வேலைக்கு முதலில் போம்மா, தம்பி முடித்ததும் நீ படி" என்பது முடிவானாலும் அது நல்ல முடிவுதான். "மேற்பார்வையாளருக்கு நாளைக்கே எழுது" என்பது முடிவானாலும் நல்ல முடிவுதான். பேசிக் கணக்குப் பார்த்து எடுத்த முடிவை எந்தப் பிள்ளையும் பிற்காலத்தில் குறையாகச் சொல்வதில்லை.

நாரும் பிசினும் நன்றாக ஒட்டியிருந்தால்தான் பாரம் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் என்று சற்று முன் சொன்னோம். படிக்கிற பிள்ளைக்கும் வீட்டுக்கும் இடையே இருக்க வேண்டியதும் அதுதான். இன்றிரவு உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை உங்களுக்குப் புரியாத ஒரு படிப்பின் பெயரைச் சொன்னால், 'வேண்டாம்' என்பதற்கு முன்னால், "அது என்னம்மா படிப்பு?" என்று கேட்டு, பதிலை முழுமையாகக் கேளுங்கள்.